பாட்டாகவே இறையியலைத் தந்த எப்ரேம்

நான்காம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதிய கிறித்தவரான எப்ரேம் பாடல்கள் எழுதியவர்தானே, அவரை அத்தனாசியார், அகுஸ்தினார் போன்ற இறையியலாளர்களோடு சேர்த்துச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்றும், அவருடைய வாழ்க்கையில் நம்பத்தக்க செய்திகள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன். எப்ரேம் இறையியல் கருத்துகளை முதலில் வகுத்துக்கொண்டு பிறகு அவற்றுக்குச் சந்தம் சேர்த்தவர் அல்லர். கடவுளைப் பற்றிப் பேச மனிதருக்கு வாய்த்த வழிகளுள் பாட்டே மிகவும் தக்கது என்று கருதியவர் அவர். அப்படிக் கருதியதற்கான காரணங்களையும் அந்தப் பாடல்களுக்குள்ளேயே வாதிட்டிருக்கிறார். 1920ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தது, காலம் கடந்து வந்த ஒப்புதல் மட்டுமே. கீழைத் திருச்சபைகள் அவரை ‘தூய ஆவியின் யாழ்’ என்று அழைத்து, பல நூற்றாண்டுகளாகத் தம் ஆசிரியராகவே போற்றி வந்துள்ளன.

அவர் ஏறத்தாழ 306ஆம் ஆண்டில் நிசிபிஸ் நகரத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ பிறந்தார். இன்று துருக்கியின் தென்கிழக்கு எல்லையில், சிரியாவின் காமிஷ்லி நகருக்கு நேர் எதிரே இருக்கும் நுசைபின்தான் அந்த ஊர். அன்றும் அது எல்லை நகரம்தான். ஒரு பக்கம் ரோமப் பேரரசு, மறுபக்கம் சாசானியப் பாரசீகம். அங்கே பேசப்பட்டது சிரியாக், அதாவது எதெசா வட்டாரத்து அரமேயம். எப்ரேம் எழுதியதெல்லாம் இந்த மொழியில்தான். இயேசு பேசிய மொழியின் நெருங்கிய உறவான ஒரு மொழியில், செமித்திய மரபின் உவமை வளத்தோடு, கிரேக்கத் தத்துவத்தின் கலைச்சொற்களை அதிகம் சாராமல் வளர்ந்த ஒரு கிறித்தவச் சிந்தனையை அவரிடம் காண்கிறோம். கிரேக்க, இலத்தீன் ஆசிரியர்களை மட்டும் படித்துப் பழகியவர்களுக்கு அவர் முதலில் அந்நியமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

வரலாறு எது, புனைவு எது என்பதை இங்கேயே பிரித்துக்கொள்வது நல்லது. அவருடைய தந்தை சிலை வழிபாட்டுப் பூசாரி என்றும், கிறித்தவத்தை நாடியதற்காக மகனை வீட்டை விட்டுத் துரத்தினார் என்றும் பிற்காலத்துச் சிரியாக் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எப்ரேமோ தாம் உண்மையின் வழியிலேயே பிறந்ததாகத் தம் பாடல் ஒன்றில் சொல்கிறார். அவர் எகிப்துப் பாலைநிலத் துறவிகளைக் காணச் சென்றார், செசாரியாவில் பெரிய பசிலியாரைச் சந்தித்தார் என்னும் கதைகளும் அதே பிற்கால நூலின் வகையைச் சேர்ந்தவை. மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாகக் குகையில் தனித்திருந்து கண்ணீர் விடும் துறவியாகப் பைசாந்தியத் திருவுருவங்கள் அவரைக் காட்டுவதற்கும் இந்த மரபே மூலம். பாடல்களிலிருந்து எழும் மனிதர் வேறு. அவர் ஊருக்குள் வாழ்ந்தவர். ஆயரின் அருகில் நின்று மறைக்கல்வி கற்பித்தவர். குருவாகாமல் திருத்தொண்டராகவே இறுதிவரை இருந்தவர். திருமண வாழ்வை விலக்கிப் பற்றற்ற வாழ்வுக்கு வாக்களித்தும், ஊரைவிட்டு விலகாமல் சபைக்குள்ளேயே தங்கிப் பணிசெய்த ‘உடன்படிக்கையின் மக்கள்’ என்னும் குழுவினர் அக்காலத்துச் சிரியாக் சபைகளில் இருந்தனர். எப்ரேமும் அவ்வகை வாழ்வையே வாழ்ந்தவர் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

நிசிபிஸின் முதல் ஆயர் யாக்கோபு, 325ஆம் ஆண்டின் நைசீயா பொதுச்சங்கத்தில் கலந்துகொண்டவர். அவரையும் அடுத்து வந்த பாபு, வொலகேசுஸ் ஆகியோரையும் எப்ரேம் பாடியிருக்கிறார். நகரத்தை வளர்ந்துவரும் ஒரு பெண்ணாகவும், ஆயர் ஒவ்வொருவரையும் அவளுடைய வயதுக்கு ஏற்ற உணவை ஊட்டியவராகவும் சித்திரிக்கும் பாடல் அது. வொலகேசுஸ் காலத்தில், 359இல் எழுப்பப்பட்ட திருமுழுக்குக் கூடம் ‘மார் யாக்கோபு’ கோவில் என்ற பெயரில் நுசைபினில் இன்றும் நிற்கிறது. அந்த ஆண்டைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டும் அதன் சுவரில் இருக்கிறது. எப்ரேம் நடமாடிய ஊரில் இன்று நம் கையால் தொடக்கூடிய கல் என்று சொல்ல முடிந்தது அதுதான்.

பாரசீக மன்னர் இரண்டாம் சாப்பூர் 338, 346, 350 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை நிசிபிஸை முற்றுகையிட்டார். மூன்றாவது முற்றுகையின்போது, நகரத்தை ஒட்டி ஓடிய மிக்தோனியுஸ் ஆற்றைத் தடுத்து, தேங்கிய நீரை மதில்மேல் திருப்பிவிட்டனர். மதிலின் ஒரு பகுதி இடிந்தது. நகரத்தார் அதை விரைந்து கட்டியெழுப்ப, சாப்பூர் பின்வாங்கினார். நிசிபிஸ் பாடல்கள் என்ற தொகுப்பின் முதற்பாட்டு இந்த நிகழ்ச்சியைத்தான் பேசுகிறது, ஆனால் செய்தியாக அன்று. நகரமே வாய்திறந்து நோவாவின் பேழையோடு தன்னை ஒப்பிடுகிறது: பேழையைச் சூழ்ந்தது வெறும் வெள்ளம், என்னைச் சூழ்ந்ததோ வெள்ளமும் மண்மேடுகளும் அம்புகளும். பேழையைக் காத்தவர் என்னையும் காக்கட்டும் என்பது அதன் மன்றாட்டு. இந்த ஓர் இடத்திலேயே எப்ரேமின் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. விவிலிய நிகழ்ச்சி முடிந்துபோன பழங்கதையாக அவருக்குத் தோன்றுவதில்லை. கண்முன் நடப்பதைப் படிக்கக் கற்றுத்தரும் எழுத்தாகவே தோன்றுகிறது.

மூன்று முற்றுகைகளைத் தாங்கிய நகரம், 363இல் ஓர் உடன்படிக்கையால் கைமாறியது. கிறித்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன் பாரசீகப் படையெடுப்பில் காயமுற்று இறந்தார். அவருக்குப்பின் வந்த ஜோவியன், சிக்கிக்கொண்ட படையை மீட்பதற்காக நிசிபிஸைப் பாரசீகத்துக்கு விட்டுக்கொடுத்தார். குடிமக்கள் ஊரைக் காலிசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. படையோடு உடன்சென்ற வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் கிறித்தவர் அல்லர். மக்கள் அழுதுகொண்டு வெளியேறிய காட்சியை அவரும் உருக்கமாகப் பதிவுசெய்திருக்கிறார். கோபுரத்தின்மேல் பாரசீகக் கொடி ஏறியதையும், நகருக்கு வெளியே ஜூலியனின் சடலத்தின் அருகே தாம் போய் நின்றதையும் எப்ரேம் ஜூலியனுக்கு எதிரான நான்கு பாடல்களில் எழுதியுள்ளார். இறந்தவரை இகழும் அந்தப் பாடல்களில் இரக்கம் இல்லை. ஊரை இழந்துகொண்டிருந்த ஒருவரின் சினம் அது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவருடைய படைப்புகளில் என்னால் மனம் ஒன்றிப் படிக்க இயலாத பகுதிகளுள் இதுவும் ஒன்று.

அறுபதை நெருங்கும் வயதில் அகதியாகி, இறுதியில் எதெசா நகரை அடைந்தார். இன்றைய துருக்கியின் ஷான்லிஉர்ஃபா அது. வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகள் அங்கே கழிந்தன. நிசிபிஸில் அவர் பழகியிருந்தது ஓர் ஆயரின்கீழ் ஒன்றுபட்டிருந்த சபை. எதெசாவிலோ பழைய ஏற்பாட்டை ஒதுக்கிய மார்சியோனைப் பின்பற்றியவர்கள், பர்தைசானின் மாணவர்கள், ஒளி, இருள் என்னும் இரு மூலங்களைப் போதித்த மானியின் சமயத்தார், கடவுளின் மகனைப் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் கொள்கையினர் எனப் பல குழுக்கள் போட்டியிட்டன. எப்ரேம் சார்ந்திருந்த சபையாரை ‘பாலூத்தின் ஆட்கள்’ என்று, பழைய ஆயர் ஒருவரின் பெயரால், மற்றவர்கள் அழைத்து வந்தார்களாம். கிறிஸ்துவின் பெயரைத் தாங்க வேண்டியவர்களுக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டுகிறார்களே என்று அவர் மனம் நொந்து பாடியிருக்கிறார்.

பர்தைசானைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 154 முதல் 222 வரை வாழ்ந்த அவர் எதெசா அரசவையோடு நெருக்கமுடையவர், தத்துவ அறிஞர், கவிஞர். தாவீதின் திருப்பாடல்களைப் போலவே 150 பாடல்களை அவர் இயற்றினார் என்றும், இனிமையால் இளைஞரைக் கவர்ந்தார் என்றும் எப்ரேமே குறிப்பிடுகிறார். அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பின்னும் அந்தப் பாடல்களின் செல்வாக்கு எதெசாவில் நீங்கியிருக்கவில்லை. எப்ரேம் இதற்கு மறுப்பு நூல்களை உரைநடையிலும் எழுதினார். எனினும் மக்கள் நாவில் பாட்டாக நிலைத்த ஒன்றைப் பாட்டால்தான் பெயர்க்க முடியும் என்பதை நன்கு உணர்ந்திருந்தார். தப்பறைகளுக்கு, அதாவது சபை பிழையென விலக்கிய கொள்கைகளுக்கு, எதிரான பாடல்கள் 56 இந்தச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டியவை.

அவர் கையாண்ட முதன்மையான வடிவம் மத்ராஷா எனப்படும் போதனைப் பாடல். ஒவ்வொரு பாடலுக்கும் மெட்டின் பெயர் தலைப்பில் தரப்பட்டிருக்கும். அடிகள் அசை எண்ணிக்கையால் அமையும். ஒருவரோ ஒரு குழுவோ பத்தியைப் பாட, ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் பல்லவியைச் சபை திருப்பிச் சொல்லும். சில பாடல்களின் பத்தி முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் அவருடைய பெயர் வரும். இவ்வகைப் பாடல்கள் 400க்கு மேல் எஞ்சியுள்ளன. பழைய மெட்டுகள்தாம் மறைந்துவிட்டன. மெம்ரா என்பது மற்றொரு வடிவம்: ஏழேழு அசைகளாக ஓடும் ஓசைநடைச் சொற்பொழிவு. ஆறாம் நூற்றாண்டின் பெரும் கிரேக்கத் துதிப்பாடகர் ரோமானுஸ் சிரியாவின் எமெசாவில் பிறந்தவர். அவருடைய நெடும்பாடல்களில் இந்தச் சிரியாக் வடிவங்களின் தாக்கத்தை ஆய்வாளர்கள் காண்கின்றனர்.

இப்பாடல்களைக் கோவிலில் பாடியவர்கள் பெண்கள். 521இல் இறந்த செரூகு நகர யாக்கோபு, எப்ரேமைப் பற்றிய தம் நெடும்பாட்டில், மூடியிருந்த பெண்களின் வாயைத் திறந்துவைத்தவர் என்று அவரைப் புகழ்ந்து, செங்கடலைக் கடந்த பின் மோசே பெண்களைப் பாடவைத்த நிகழ்ச்சியோடு இதை ஒப்பிடுகிறார். பின்னாளைய புகழ்ச்சி என்று இதை ஒதுக்கிவிட முடியாதபடி எப்ரேமின் உயிர்ப்புப் பாடல் ஒன்றே சான்று தருகிறது. பெருவிழாவுக்கு எல்லாரும் சேர்ந்து மாலை தொடுப்பதாக அதில் வரும்: ஆயர் தம் மறையுரைகளையும், குருக்கள் தம் பணிகளையும், திருத்தொண்டர்கள் தம் வாசகங்களையும், இளைஞர்கள் தம் ஆர்ப்பரிப்பையும், சிறுவர்கள் திருப்பாடல்களையும், கன்னியர் தம் மத்ராஷாக்களையும், ஊர்ப் பெரியோர் தம் நற்கொடைகளையும், எளிய மக்கள் தம் நல்லொழுக்கத்தையும் மலர்களாகக் கொண்டுவருகிறார்கள். போதனைப் பாடலைப் பாடும் உரிமை அந்த வரிசையில் பெண்களுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. சபை கற்ற இறையியலில் பெரும்பகுதி பெண்களின் குரல் வழியே அதன் காதில் விழுந்தது என்பது இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு.

இனி உங்கள் முதற்கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மகன் தந்தையிடமிருந்து எப்படிப் பிறந்தார் என்பதை அறிவால் அளந்துவிட முடியும் என்று அக்கால ஆரியுஸ் கொள்கையினரில் சிலர் வாதிட்டனர். 87 பாடல்கள் கொண்ட ‘நம்பிக்கைப் பாடல்கள்’ தொகுப்பின் பெரும்பகுதி இவர்களை நோக்கியது. படைத்தவருக்கும் படைக்கப்பட்டவைக்கும் இடையே ஒரு பெரும் பிளவு உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து யாராலும் அதைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து கடவுளே அன்பால் தாண்டி வருகிறார் என்பது எப்ரேமின் அடிப்படை. அவர் வந்த வழிகள் மூன்று: இயற்கையிலும் மறைநூலிலும் நிறைந்து கிடக்கும் அடையாளங்கள், மனித மொழியிலிருந்து அவர் எடுத்து அணிந்துகொண்ட பெயர்கள், முடிவாக மரியாவிடமிருந்து அவர் எடுத்து அணிந்த உடல். ஆடை உடுத்துவது என்னும் உருவகம் அவருடைய பாடல்கள் நெடுகிலும் வரும். ஆதாம் இழந்த மாட்சியின் ஆடையை மீட்டுத் தருவதற்காகவே கடவுள் ஆதாமின் உடலை அணிந்தார் என்று மீட்பு வரலாறு முழுவதையும் அந்த ஓர் உருவகத்தில் அவர் சொல்லிவிடுவார்.

நம்பிக்கைப் பாடல்களுள் 31ஆவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மறைநூல் கடவுளுக்குக் காது உண்டு என்கிறது, நமக்குச் செவிசாய்க்கிறார் என்று நாம் அறிவதற்காக. கண் உண்டு என்கிறது, நம்மைப் பார்க்கிறார் என்று உணர்வதற்காக. அவர் சினந்தார், மனம்வருந்தினார் என்பதெல்லாம் நம் பொருட்டு அவர் போட்டுக் கழற்றும் ஆடைகள். இதை விளக்க எப்ரேம் கிளிக்குப் பேச்சுக் கற்றுத்தரும் ஒருவரைக் காட்டுகிறார். அந்த மனிதர் ஒரு கண்ணாடியின் பின்னே ஒளிந்துகொண்டு பேசுகிறார். குரல் வந்த திசையைக் கிளி திரும்பிப் பார்க்கிறது. அங்கே தன் உருவத்தைக் கண்டு, தன் இனத்துக் கிளியொன்று தன்னோடு பேசுவதாக எண்ணிப் பேசக் கற்றுக்கொள்கிறது. கடவுள் மனிதச் சொற்களில் பேசியது இப்படித்தான் என்கிறார் எப்ரேம். எத்தனை துணிவான உவமை இது! நம்மைக் கிளியின் இடத்தில் வைக்கிறார். மறைநூலின் சொற்கள் கண்ணாடியில் தெரியும் நம் சாயலே என்கிறார். அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டு கடவுளின் இயல்பையே அளந்துவிட்டதாக எண்ணுவோரின் பேதைமையை ஒரு வசைச்சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறார். அதே சமயம், பேசுவது உண்மையில் ஒரு குரல்தான், கற்றுக்கொள்வது உண்மையான பேச்சுதான் என்பதையும் விட்டுவிடவில்லை. மொழியின் எல்லையைப் பற்றிக் கிரேக்க ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதற்கு இது சற்றும் குறைந்த சிந்தனையன்று.

பாட்டு ஏன் தக்க வழி என்பதும் இங்கே விளங்கும். வரையறை, பொருளுக்கு வேலி கட்டுகிறது. வரம்பில்லாதவரை வரையறுக்க முனைவதே பிழை என்பது எப்ரேமின் நிலை. பாட்டில் ஓர் அடையாளத்தின் அருகே அதற்கு முரணான இன்னோர் அடையாளத்தை வைக்கலாம். இரண்டுக்கும் இடையில் உண்மையைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். கிறிஸ்து பிறப்புப் பாடல்களில் மரியாவைப் பற்றி அவர் பாடுவதைப் பாருங்கள்: ஆண்டவர் உள்ளே சென்றார், அடிமையானார், வார்த்தையானவர் உள்ளே சென்றார், பேசாதிருந்தார், இடி உள்ளே சென்றது, ஓசையடங்கியது, எல்லாரையும் மேய்ப்பவர் உள்ளே சென்றார், ஆட்டுக்குட்டியாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தார். முரண்கள் அடுக்கடுக்காக வரும்போது எந்த ஒன்றையும் இறுதியான விளக்கமாகப் பற்றிக்கொள்ள மனத்துக்கு இடம் கிடைப்பதில்லை. நற்கருணையைப் பற்றிப் பேசும்போதும் இதே வழிதான்: அப்பத்தில் உண்ணப்பட முடியாத ஆவி, இரசத்தில் பருகப்பட முடியாத நெருப்பு. அதே நெருப்பும் ஆவியும் மரியாவின் வயிற்றிலும் யோர்தான் ஆற்றிலும் நம் திருமுழுக்கிலும் இருந்தன என்று அந்த ஒரே பாடலில் நான்கையும் கோத்துக் காட்டுகிறார்.

முத்தைப் பற்றிய ஐந்து பாடல்களும் (நம்பிக்கைப் பாடல்கள் 81 முதல் 85 வரை) இவ்வகையில் சிறந்தவை. ஒரு நாள் ஒரு முத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்கு முகம் இருக்கிறது, ஆராய முடியாத மகனைப் போல. ஆடை களைந்து கடலில் மூழ்கி அதை எடுத்தவர்கள் அரசர்கள் அல்லர், ஏழைகள். கலிலேயாவின் மீனவர்களுக்கு அவர்கள் அடையாளம். இயற்கையையும் மறைநூலையும் ஒரே ஆசிரியரின் இரண்டு சாட்சிகளாக அவர் எப்படி நடத்துகிறார் என்பதை இந்த ஐந்தில் தெளிவாகக் காணலாம்.

அவரைப் பெருமைப்படுத்த முனையும் எழுத்துகள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யூதர்களைப் பற்றி அவர் பாடியவற்றில் கொடிய வசைகள் உண்டு. எல்லை நகரங்களில் இரு சமூகங்களும் அருகருகே வாழ்ந்ததும், கிறித்தவர்கள் சிலர் யூதர் விழாக்களால் ஈர்க்கப்பட்டதும் அதற்குப் பின்னணி என்று விளக்கலாம். விளக்குவது வேறு, ஏற்பது வேறு. எதிர்ப்பாளரிடம் அன்பற்ற வாதத்தைக் கண்டித்த ஒருவரின் நாவிலிருந்தே இவை வந்தன என்பதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையன்று.

அவருடைய கடைசிப் பணி பாட்டன்று. 372–373இல் எதெசாவைக் கடும் பஞ்சம் தாக்கியது. துறவியரின் வரலாறுகளைத் தொகுத்த பல்லாதியுஸ் தரும் செய்தியின்படி, தானியத்தைப் பதுக்கிய செல்வர்களை எப்ரேம் கடிந்துகொண்டார்; நம்பி ஒப்படைக்க ஆள் இல்லை என்று அவர்கள் சாக்குச் சொல்ல, என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, தாமே பொறுப்பை ஏற்றார். அவர்களிடம் பணம் பெற்று, தெருவோரத் தாழ்வாரங்களில் ஏறத்தாழ 300 படுக்கைகளைப் போட்டு, பட்டினியால் நலிந்தவர்களைப் பேணினார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். அடுத்த விளைச்சல் வந்ததும் தம் அறைக்குத் திரும்பி, ஒரு மாதத்துக்குள் இறந்தார். எதெசா நாளாகமம் தரும் இறப்பு நாள் 373 ஜூன் 9. கத்தோலிக்கத் திருச்சபை அவருடைய நினைவைக் கொண்டாடுவதும் அந்த நாளில்தான்.

அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குள், 392இல், பெத்லகேமிலிருந்து எழுதிய ஜெரோம், சில சபைகளில் மறைநூல் வாசகத்துக்குப் பின் எப்ரேமின் எழுத்துகள் வாசிக்கப்படுவதாகக் குறித்திருக்கிறார். புகழ் பெருகப் பெருக, அவர் எழுதாதவையும் அவர் பெயரில் சேர்ந்தன. கிரேக்கத்தில் அவர் பெயரில் வழங்கும் நூல்களில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல. மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) சபையார் தவக்காலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சொல்லும் ‘எப்ரேமின் மன்றாட்டு’ கூட அவ்வகையைச் சேர்ந்ததே. அசலான சிரியாக் பாடல்கள் நமக்குக் கிடைத்ததற்கு எகிப்தின் பாலைநிலத்திலுள்ள சிரியர் மடத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அதன் தலைவர் நிசிபிஸ் மோசே, 932இல் மெசொப்பொத்தாமியாவிலிருந்து 250 சுவடிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். வறண்ட காற்றில் அவை பிழைத்தன. பின்னர் உரோமைக்கும் இலண்டனுக்கும் சென்றன. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எப்ரேம் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். எட்மண்ட் பெக் என்னும் செருமானியத் துறவி 1955 முதல் இவற்றை ஒப்புநோக்கிப் பதிப்பித்த பிறகே எப்ரேம் ஆய்வு உறுதியான தரையில் நின்றது.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. நிசிபிஸ் பாடல்களுள் 42ஆவதில் சாத்தான் புலம்புகிறான்: இந்தியாவில் நான் கொன்ற திருத்தூதர் எனக்கு முன்பே எதெசாவுக்கு வந்துவிட்டாரே என்று. தோமாவின் எலும்புகளை வணிகர் ஒருவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற எதெசாவின் நம்பிக்கையை அப்பாட்டு காட்டுகிறது. எப்ரேம் சொல்வது இந்தியா என்று மட்டுமே. மயிலாப்பூர் என்பது வேறு மரபுகளிலிருந்து வருவது. ஆகவே அப்பாட்டை அவ்வூருக்கான நேர்ச்சான்றாகக் காட்டுவது முறையாகாது. கேரளத்தின் சிரியாக் மரபுச் சபைகளிலோ தொடர்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. மார் அப்ரேம் என்று அங்கே வழங்கும் அவர் பெயரால் அமைந்த ஏழசை மன்றாட்டுகள் நாள்தோறும் சொல்லப்படும் செபங்களில் இடம்பெறுகின்றன; கோட்டயத்தில் அவர் பெயரைத் தாங்கிய சிரியாக் ஆய்வு நிறுவனமும் இயங்கி வருகிறது.

படிக்கத் தொடங்க விரும்பினால், தப்பறைகளுக்கு எதிரான பாடல்களையோ ஜூலியன் பாடல்களையோ முதலில் எடுக்காதீர்கள். 15 பாடல்கள் கொண்ட ‘விண்ணகத் தோட்டப் பாடல்கள்’ சிறியவை, அழகானவை. செபாஸ்டியன் பிராக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு நம்பகமானது. அதன் ஐந்தாம் பாட்டில், தொடக்கநூலைத் திறந்ததும் முதல் வரி ஓடிவந்து தம்மை முத்தமிட்டு, கைபிடித்து அடுத்த வரியிடம் அழைத்துச் சென்றதாக எப்ரேம் சொல்வார். அவர் மறைநூலை எப்படிப் படித்தார் என்பதற்கு அதைவிடச் சிறந்த அறிமுகம் எனக்குத் தெரியவில்லை. அதை முடித்த பிறகு நம்பிக்கைப் பாடல்களுள் 10, 31 ஆகியவற்றையும், முத்துப் பாடல்கள் ஐந்தையும் அதே வரிசையில் படியுங்கள்.